வெற்றிலை பாக்கு வைத்து விற்ற கேம் செட்

எம்.பி.ஏ. மார்க்கெட்டிங் படித்துக் கிழித்ததில் எனக்கு ஒரே ஒரு விஷயம்தான் உருப்படியாகப் புரிந்தது. கேம் செட்டை விற்கிறவனுக்கும், அதே செட்டை மணிக்கணக்கில் வாடகைக்கு ஆட விடுகிறவளுக்கும் ஒரே தெருவில் பிழைப்பு கிடையாது. இதை என் அக்காவிடம் சொல்லிச் சொல்லி என் தொண்டைத் தண்ணி வற்றியதுதான் மிச்சம்.

அக்காவின் வீட்டுக்காரர் துபாயில் இருந்தார். ஒரு தடவை லீவில் வந்தபோது மகள் விளையாடட்டும் என்று ஒரு வீடியோ கேம் செட் கொண்டுவந்தார். அதற்குப் பிறகு அவர் வரவில்லை. போன் குறைந்தது, பிறகு அதுவும் நின்றுபோனது. பெண்ணாடத்தில் இருந்த மாமியார், "புள்ளைய இட்டுகிட்டு இங்க வந்து சேரு, வீட்டு வேலைக்கு ஆள் இல்ல" என்று ஆள்மேல் ஆள் விட்டுக்கொண்டிருந்தார். கல்யாணமான புதிதில் அந்த வீட்டில் அக்கா இருந்திருக்கிறாள். வாசலுக்குப் போய்ப் பூ வாங்கக்கூட அனுமதி கேட்க வேண்டும். அதற்கு மேல் அவள் எதுவும் சொன்னதில்லை. கடலூரில் எங்கள் அம்மாவோ, கட்டிக் கொடுத்த பெண்ணைத் திரும்ப வீட்டில் வைத்துக்கொண்டால் ஊர் என்ன சொல்லுமோ என்று வாயே திறக்கவில்லை. அக்கா யாரையும் கேட்காமல் சிதம்பரத்தில் மேல வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில், முன்னறை பெரிதாக இருந்த ஒரு வீட்டை வாடகைக்குப் பிடித்தாள். பழைய டிவிகள் சிலவற்றை வாங்கிப் போட்டு, நகையை விற்று இன்னும் சில செட்டுகளைச் சேர்த்து, கேம் சென்டர் என்று போர்டு மாட்டிவிட்டாள். கடை ஓடினால் சிதம்பரம், ஓடாவிட்டால் பெண்ணாடம். அவள் வாழ்க்கை அவ்வளவுதான், நடுவில் வேறு ஊர் கிடையாது.

கடை நன்றாகவே ஓடியது. மற்ற கேம் சென்டர்களில் சிகரெட் நாற்றமும் கெட்ட வார்த்தையும் இருக்கும். அக்கா கடையில் செருப்பை வெளியே வரிசையாக விட வேண்டும், வீட்டுப்பாடம் முடித்துவிட்டேன் என்று அம்மா மேல் சத்தியம் செய்ய வேண்டும். "சாப்டியாடா? கண்ணு செவந்து கெடக்கு, போதும் எழுந்திரி" என்று பணம் கொடுத்து ஆடுகிறவனையே விரட்டுவாள். இப்படி ஒரு வியாபாரியை என் பாடப்புத்தகத்தில் எங்கேயும் நான் பார்த்ததில்லை. அதனாலேயே அந்தத் தெருவின் அம்மாக்கள் நம்பிப் பிள்ளைகளை அனுப்பினார்கள். கூட்டிப் போக வந்தவர்கள் அப்படியே வாசலில் உட்கார்ந்து பூ தொடுத்துக்கொண்டு பேசுவார்கள். நான் கடலூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து சிதம்பரத்தில்தான் படித்தேன். வகுப்பு முடிந்ததும் கடைக்கு வந்துவிடுவேன்.

2007ஆம் வருஷம் என்று நினைக்கிறேன், தீபாவளிக்குச் சில வாரங்கள் முன்னால் கடலூரிலிருந்து ஏஜென்ட் ஒருவர் வந்தார். கேம் செட் கம்பெனிக்கு எங்கள் மாவட்டத்தில் அவர்தான் விற்பனை பார்த்தார். நல்ல மனிதர்தான், அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். கெட்டவராக இருந்தால் நிம்மதியாகத் திட்டியாவது தொலைத்திருப்பேன்.

"மேடம், உங்க கடையில ஒரு தீபாவளி விழா வைங்க. போட்டி நடத்துவோம். பந்தல், பரிசு எல்லாம் கம்பெனி செலவு. அம்மா அப்பாவையும் வரச் சொல்லுங்க. விழா நல்லா நடந்துச்சுன்னா உங்க கடைய எங்க சென்டர்னு அறிவிச்சிடுவோம். புது கேம் எது வந்தாலும் மொதல்ல இங்கதான்" என்றார்.

அக்காவுக்கு முகமெல்லாம் பல். அவர் போனதும் நான் பிடித்துக்கொண்டேன்.

"அக்கா, அவரு ஏன் புள்ளைங்க போதாதுன்னு அம்மாவையும் அப்பாவையும் வரச் சொல்றாரு? யோசிச்சியா?"

"யோசிக்க என்னாடி இருக்கு? பெரியவங்க வந்தாத்தான விழா மாதிரி இருக்கும்."

"செட்டு விக்கப் போறாங்கக்கா. பெரிய ஊர்ல எல்லாம் புது மாடல் வந்துடுச்சு. பழைய மாடல் குடோன்ல கெடக்குது. வெலயக் கொறச்சு நம்மள மாதிரி ஊருங்கள்ல கொட்டுவாங்க. உலகம் பூரா இப்பிடித்தான் பண்றாங்க, நேத்துதான் கிளாஸ்ல நடத்துனாங்க. வீட்டுக்கு வீடு செட்டு வந்துட்டா உங்கிட்ட எவன் வந்து ஆடுவான்?"

அக்கா சிரித்தாள். "கிரைண்டரயே இன்னும் தவணையில கட்டிகிட்டு இருக்காங்க. வெளையாட்டுச் சாமான் வாங்கப் போறாங்களா இவுங்க? போடி, படிச்சது மண்டைக்கு ஏறிடுச்சு ஒனக்கு."

அவள் சொன்னதில் தப்பில்லை. அந்தத் தெருவில் யாரும் தானாக வாங்கியிருக்க மாட்டார்கள். பிள்ளைகள் தரையில் புரண்டு அழுதாலும் வாங்கியிருக்க மாட்டார்கள். கம்பெனிக்காரன் நோட்டீஸ் கொடுத்து, ஆட்டோவில் மைக் கட்டிக் கத்தியிருந்தாலும் ஒரு செட் நகர்ந்திருக்காது. நகர்த்தியது என் அக்காதான்.

ஏஜென்ட் கட்டுக்கட்டாக நோட்டீஸ் அனுப்பியிருந்தார். அக்கா அதைப் பரண்மேல் தூக்கிப் போட்டாள். "நோட்டீஸ் குடுத்தா யாருடி மதிச்சி வருவா? சர்க்கஸுக்குத்தான் நோட்டீஸ்." பட்டுப்புடவை கட்டிக்கொண்டாள். தட்டில் குங்குமச் சிமிழ், வெற்றிலை பாக்கு, கல்கண்டு வைத்துக்கொண்டு, மகளுக்கு மஞ்சள் நீராட்டு வைத்தால் எப்படிப் போவாளோ அப்படியே வீடு வீடாகப் போனாள். தட்டை ஏந்திக்கொண்டு பின்னால் நானும் போனேன். தெருவில் இருந்த டீச்சரம்மா வீடு கிறிஸ்தவ வீடு என்பதால் அங்கே குங்குமத்தை ஒதுக்கிவிட்டுக் கல்கண்டு மட்டும் நீட்டினாள். "நம்ம கடையில விசேஷம். குடும்பத்தோட வந்துடணும். வரலன்னா எனக்குக் கோவம் வரும்" என்று ஒவ்வொரு வாசலிலும் சொன்னாள். புருஷன் என்ன ஆனான் என்று தெரியாத பெண் தெம்பாக வந்து கூப்பிடுகிறாளே என்று அவர்களுக்கெல்லாம் நெஞ்சு இளகிப்போனது. கூப்பிட்ட விதத்தில் யாரும் வராமல் இருக்க முடியாது.

விழாவன்று சந்து அடைத்துப் பந்தல். கேசரி, பஜ்ஜி, காபி எல்லாம் அக்கா தன் செலவில் செய்தாள், "நம்ம கூப்ட்டு வந்தவங்களுக்குக் கம்பெனிக்காரன் சோறு போடறதா?" என்று. உள்ளே பிள்ளைகள் கார் ரேஸில் கத்திக்கொண்டிருந்தார்கள். பந்தல் வாசலில் ஏஜென்ட் ஒரு மேசை போட்டு, விரிப்பு விரித்து, ரசீதுப் புத்தகமும் பேனாவுமாக உட்கார்ந்தார். தீபாவளிச் சலுகை, முதல் தவணையைக் கட்டிப் பெயர் எழுதிக்கொண்டால் செட் வீட்டுக்கே வரும்.

எங்கள் பக்கத்தில் பந்தல் வாசலில் மேசை போட்டு ஒருவர் பேனாவோடு உட்கார்ந்திருந்தால் அது மொய் மேசை. வெற்றிலை பாக்கு வாங்கி வந்தவர்கள், கை நனைத்தவர்கள், அந்த மேசையைத் தாண்டி வெறுங்கையை வீசிக்கொண்டு போகமாட்டார்கள். போனால் அந்த வீட்டில் மறுபடி எப்படி முகத்தைக் காட்டுவது? முதலில் டீச்சரம்மாதான் போய் நின்றார். "இதுக்கு என்ன மொய் வைக்கறதுன்னு தெரியலியே" என்றார். ஏஜென்ட் சலுகையை விளக்கினார். "ஓ, இதுல பேர் எழுதுனா அந்தப் பொண்ணுக்கு நல்லதா?" என்று கேட்டார். "கண்டிப்பா மேடம், இந்தக் கடைப் பேர்லதான் கணக்கு வரும்" என்றார் அவர். பொய்யில்லை. கணக்கு அக்கா கடைப் பெயரில்தான் போனது.

டீச்சரம்மா எழுதினார். அவர் எழுதிவிட்டால் பக்கத்து வீட்டு அத்தை எழுதாமல் போவாரா? அவர் எழுதினால் எதிர்வீட்டு அண்ணி? வரிசை கட்டி நின்றுவிட்டார்கள். ஓடிப்போய் அத்தை கையைப் பிடித்தேன்.

"அத்தை, நீங்க வாங்காதீங்க. வேணாம்."

"ஏண்டி, நாங்க செய்யக் கூடாதா?"

"ஐயோ அதுக்கில்ல அத்தை. நெசமாவே வேணாம். வந்ததே போதும்."

அத்தை வரிசையில் இருந்தவர்களிடம் திரும்பி, "பாத்தியா, எவ்ளோ கூச்சம் இந்தப் புள்ளைக்கு! நல்லாத்தான் வளத்திருக்காங்க" என்றார். அவர் கையில் இருந்த நோட்டை நான் பிடித்து இழுக்க, அவர் என் கையை அடித்துவிட்டுச் சிரித்தார். மொய் வேண்டாம் என்று வீட்டுக்காரர்கள் சொல்வதும், வந்தவர்கள் விடாமல் திணிப்பதும் எல்லா விசேஷத்திலும் நடப்பதுதானே. நான் எவ்வளவு கெஞ்சினேனோ அவ்வளவு மரியாதையானவள் ஆனேன். "கடை படுத்துடும் அத்தை!" என்று கத்தியே பார்த்தேன். "சீ, நல்ல நாள்ல வாயக் கழுவு" என்றார் அத்தை, பேரையும் எழுதிவிட்டார். சலுகை நல்லதுதானே என்று இரண்டு பேர் தங்கச்சி வீட்டுக்கும் சேர்த்து எழுதினார்கள்.

அக்கா உள்ளே பரிசு கொடுத்துக்கொண்டிருந்தாள். வெளியே வந்து வரிசையைப் பார்த்தாள். ஒவ்வொருவரும் அவள் கன்னத்தைத் தொட்டு, "ஒனக்காகத்தாம்மா எழுதனோம்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அவள் என்னைப் பார்த்தாள். சொன்னேனே என்று கத்த வேண்டும்போல் இருந்தது. அவள் "கேசரி பத்துமாடி?" என்று மட்டும் கேட்டாள். எனக்கு அழுகை வந்துவிட்டது, அடுப்படிக்குப் போய்விட்டேன்.

தீபாவளிக்கு முன்பே செட்டுகள் வந்து இறங்கின. மாட்டத் தெரிந்தவர்கள் யாரும் இல்லை. மஞ்சள் ஒயர் எதில், சிவப்பு ஒயர் எதில் என்று தெரியாமல் எல்லோரும் அக்காவிடம்தான் வந்தார்கள். "பாப்பா, நீ வந்து ஒன் கையால மாட்டிக் குடு." அக்கா போனாள். நான் போகாதே என்று வாசலை மறித்து நின்றேன். "கூப்புட்டா போவாம இருக்க முடியுமாடி? அவுங்க என்னா தப்பு பண்ணாங்க?" என்று என்னை நகர்த்திவிட்டுப் போனாள். வீடு வீடாக டிவிக்குப் பின்னால் குனிந்து ஒயரைச் செருகி, படம் வரவழைத்து, பிள்ளைகளுக்கு ஜாய்ஸ்டிக்கைப் பிடிக்கச் சொல்லிக் கொடுத்துவிட்டு வந்தாள். எல்லா வீட்டிலும் காபி கொடுத்தார்கள். டீச்சரம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "இனிமே என் புள்ள வெளியில அலையாம வீட்டோட இருக்கும். நீ நல்லா இருக்கணும்மா" என்றார். மனதாரச் சொன்னார், அதில் சந்தேகமில்லை.

அதற்குப் பிறகு கடை வாசலில் செருப்பு இல்லை. அக்கா சாயங்காலம் கடையைத் திறந்து, டிவிகளைப் போட்டுவிட்டு, தனியாக உட்கார்ந்திருப்பாள். யாரோ ஒருவன் வருவான், புது சிடி இருக்கிறதா என்று கேட்டு வாங்கிக்கொண்டு வீட்டுக்கு ஓடுவான். அந்த வீட்டுக்காரர்களைக் கூப்பிட்டுக் குற்றம் சொல்லலாமா? எதைச் சொல்வது, ஏன் அக்காமேல் இவ்வளவு அன்பு வைத்தீர்கள் என்றா? எனக்கு ஏஜென்ட்மேல் கோபம், கம்பெனிமேல் கோபம், என் பாடத்தை நடத்திய வாத்தியார்மேலும் கோபம். தெரிந்த விஷயம் ஒரு காசுக்கும் உதவாதபோது யார்மேல்தான் கோபம் வராது? பின்னாளில், எல்லார் கையிலும் போன் வந்து ஊரில் இருந்த கேம் சென்டர்கள் எல்லாம் மூடியபோது, "ஒங்க அக்கா கட எப்பிடியும் மூடியிருக்கும்" என்று எனக்கு ஆறுதல் சொன்னார்கள். போடாங்க. அதுவரை ஓடியிருந்தால் அந்த நாலைந்து வருஷத்தில் அவள் மகள் சிதம்பரத்திலேயே பள்ளிக்கூடம் முடித்திருப்பாள்.

பங்குனி வரை அக்கா தாக்குப்பிடித்தாள். பிறகு மாமியாரின் தம்பி மினி லாரியோடு வந்தார். சாமான்களைக் கட்டிக்கொண்டிருந்தபோது ஏஜென்ட் ஒரு பார்சலோடு உள்ளே வந்தார். மாவட்டத்திலேயே அதிக விற்பனை எங்கள் கடையில்தானாம், கம்பெனி கேடயம் அனுப்பியிருந்தது. மூட்டை முடிச்சைப் பார்த்ததும் அவருக்கு முகம் வாடிவிட்டது. எங்கே போகிறீர்கள் என்று விசாரித்தார். அக்கா சொன்னாள். கட்டிய பெட்டியை அவிழ்த்து, டம்ளர் எடுத்து, காபி போட்டுக் கொடுத்தாள்.

பாதிக் காபியில் அவருக்குத் தெம்பு வந்துவிட்டது. "பெண்ணாடமும் நம்ம ஏரியாதான் மேடம். சர்க்கரை ஆலை இருக்கு, சம்பளக்காரங்க ஜாஸ்தி. நீங்க வெத்தலை பாக்கு வச்சி வீடு வீடா போயி கூப்புட்டீங்க பாருங்க, அத மெட்ராஸ்ல மீட்டிங்ல சொன்னேன், எல்லாரும் எழுந்து கைதட்டுனாங்க. அங்கயும் அதே மாதிரி ஒண்ணு வைப்போமா? இந்தத் தடவ உங்களுக்குன்னு ஒரு கமிஷன் நானே பேசி வாங்கித் தர்றேன்."

நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா பதில் சொன்னாள். கோபமே இல்லை, அவருக்கு உதவ முடியவில்லையே என்கிற குரல்.

"அங்க என்னால வீடு வீடா போவ முடியாது சார். வாசலத் தாண்டணும்னாலே கேக்கணும். இங்கதான் சார் நான் கடைக்காரம்மா. அங்க மருமவ."