அத்தை போட்ட அடியுரம்

எங்கள் மாட்டுக் கொட்டகைத் தூணில் ஒரு அன்னக்கூடை தொங்குகிறது. வெளிறிப்போன நீல பிளாஸ்டிக். ஒரு பக்கம் விளிம்பு உடைந்தது. கல்யாணப் பந்தியில் சோறு அள்ளி வருகிற கூடைதான். அத்தை அதில்தான் டிஏபி உரத்தை அள்ளிப் போய் நிலத்தில் இறைப்பாள்.

அத்தை என் நைனாவின் அக்கா. எங்கள் வம்சத்தில் சொந்த நிலம் என்று கண்டவள் அவள் ஒருத்திதான். ஊரார் கழனியில் நட்டும் களையெடுத்தும் அரை வயிறாய்க் கிடந்தவள், வல்லம் போகிற வழியில் அந்தத் துண்டு நிலத்தை வாங்கியதும், அதைப் பசியோடு விடவே கூடாது என்று முடிவு கட்டிவிட்டாள். உழவில் அடியுரமாகப் போடுவாள். போதாதென்று, பயிர் லேசாக வெளுத்தாலும் மேலே அள்ளி இறைப்பாள். போதும் அத்தை என்றால், "நீ துன்னுட்டுப் பேசற. அதுக்குப் பசிக்குதுடா" என்பாள்.

ஒரு சம்பாவில் பயிர் தூர் கட்டாமல் குட்டையாய் நின்றுவிட்டது. இலையெல்லாம் துருப்பிடித்தாற்போல் பழுப்புப் புள்ளி. அத்தை பதறிப்போய் இன்னும் ஒரு கூடை இறைத்தாள். அது இன்னும் மோசமானது. அந்தப் போகம் பெரும்பாலும் பதர். பிறகுதான் மண்ணை எடுத்துப் பரிசோதனைக்குக் கொடுத்தேன். வேளாண்மை அலுவலர் நிலத்துக்கே வந்து பக்குவமாகத்தான் சொன்னார்: "டிஏபில இருக்கற மணிச்சத்து, அதான் பாஸ்பரஸ், மண்ணுல ஏகத்துக்கும் தேங்கிக் கெடக்குதும்மா. அது துத்தநாகத்தப் பயிர் எடுக்க வுடாது. கொஞ்ச காலம் நிறுத்துங்க."

அத்தையின் முகம் செத்துவிட்டது. "அப்ப நாந்தான் அதுக்கு வியாதி வச்சனா?"

அடுத்த நடவுக்கு அவள் கூடையைத் தொடவில்லை. துத்தநாக சல்பேட்டை நான் மணலில் கலந்து தூவும்போது வரப்பில் நின்றபடி, "இம்மாத்தூண்டு உப்பா?" என்று முணுமுணுத்தாள். பயிர் கிளம்பியது பாருங்கள், அப்படி ஒரு பச்சை! நான் குதிக்காத குறை. அவள் சிரிக்கவில்லை. கதிர் சாய்ந்து நின்ற ஒரு காலையில், "நான் போடாம இருந்தாதான் அது நல்லா இருக்குது, இல்லடா?" என்றாள். அதன்பின் அவள் கழனிப் பக்கம் அதிகம் வரவில்லை. வீட்டில் எங்களுக்குச் சோறு போடும்போதும், இரண்டாவது கரண்டிக்கு அந்தக் கை தயங்கியது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. மறு மழைக்காலத்தில் போய்ச் சேர்ந்துவிட்டாள்.

இப்போது நான்தான் பயிர் வைக்கிறேன். போன வாரம் மறுபடி மண்ணைப் பார்த்த அலுவலர், மணிச்சத்து இன்னும் வேண்டிய மட்டும் இருக்கிறது, இந்தப் போகத்துக்கும் போடாதீர்கள், பயிர் மண்ணில் இருப்பதையே கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக்கொள்ளும் என்றார். ஐயோ, இதைக் கேட்க அவள் இல்லையே!

வீட்டுக்கு வந்து கொட்டகையில் நின்றேன். கூடை காலியாகத்தான் தொங்குகிறது. அங்கே கழனியில் பயிர் இன்னும் அத்தை போட்டதைத்தான் தின்றுகொண்டிருக்கிறது.