ருசாந்தா வாங்கிய மாத்திரைகள்

சொரோக்கா என்ற சின்ன ஊரில் நான் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். ருசாந்தா பால் பண்ணை ஆய்வகத்தில் வேலை பார்ப்பவள். கருத்தரிக்க உதவும் என்று நம்பி, மாதம் ஒருமுறை வந்து வைட்டமின் ஈ கேட்பாள். எண்ணெய் ததும்பும் மஞ்சள் குமிழ் மாத்திரைகள். கல்யாணமாகி ஏழு வருடம், குழந்தையில்லை. கணவன் இலாரியோன் இத்தாலியில், பாதுவாவில் கட்டட வேலை. வருடத்தில் இரண்டு முறைதான் வருவான். வீட்டில் அவளும் மாமியார் யெவ்ப்ரோசினாவும் மட்டும்.

"ஒரு வேளைக்கு ரெண்டா போட்டுக்கலாமா அக்கா?" என்று ஒருநாள் கேட்டாள்.

"வேணாம்டி. அளவு மீறினா ரத்தம் உறையாது. முதல்ல டாக்டரைப் பாரு."

பார்த்தாள். டாக்டரம்மா பரிசோதனை முடிவுகளைப் புரட்டிவிட்டுச் சொன்னாராம்: "உடம்புல இந்தச் சத்து குறைஞ்சிருந்தாத்தான் மாத்திரையால பிரயோஜனம். உனக்கு ஒரு குறையும் இல்ல. உன் வீட்டுக்காரரை அனுப்பு."

கிறிஸ்துமஸுக்கு வந்தவனிடம் சொன்னாள். "நான் ஆம்பளையே இல்லன்னு ஊர் சிரிக்கணுமா?" என்று கத்தியவன், இரண்டு நாள் முன்னதாகவே கிளம்பிப் போய்விட்டான்.

மாமியார் விடவில்லை. "மாத்திரையிலயே குடித்தனம் நடத்துறா மகராசி. பக்கத்து வீட்டுல மூணாவதுக்கு ஞானஸ்நானம்!"

ருசாந்தா மறுபடியும் என் கடைக்கு வந்தாள். ஆண்களுக்கும் அந்த மாத்திரை சில சமயம் உதவும் என்று நான் சொல்லியிருந்தேன், உறுதியில்லை என்றும் சொல்லியிருந்தேன். மூன்று மாதத்துக்கானதை வாங்கி, சீமை மாதுளை ஜாம் பாட்டிலோடு பாதுவாவுக்கு ஆள் ஏற்றிப்போகும் வேன் டிரைவரிடம் கொடுத்தனுப்பினாள்.

அவன் சாப்பிட்டிருக்கிறான். பரிசோதனையும் செய்துகொண்டிருக்கிறான், முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. விந்தில் உயிரணுவே இல்லை என்றுதான் இரண்டிலும் வந்தது. சின்ன வயதில் பொன்னுக்கு வீங்கி வந்ததா என்று அங்கே கேட்டிருக்கிறார்கள். உடனே அம்மாவுக்குப் போன் போட்டான்.

ருசாந்தா எதிரே நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். கிழவி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். பிறகு, "பதினஞ்சு வயசுல வந்துச்சு. கீழயும் வீங்கிடுச்சு. குழந்தை பிறக்கிறது கஷ்டம்னு அப்பவே டாக்டர் சொன்னாரு. உன்கிட்ட எப்படிடா சொல்லுவேன்?" என்றாள்.

ஏழு வருடமும் கிழவிக்குத் தெரிந்திருந்தது.

மறுநாள் இலாரியோன் மனைவியைக் கூப்பிட்டான். "என்னை விட்டுடு ருசாந்தா. நீ வேற யாரையாவது பாத்துக்கோ."

"எனக்கு நீதான்டா வேணும். நான் வர்றேன், நேர்ல சொல்லு," என்றாள்.

ஒன்றரை நாள் வேனில் உட்கார்ந்து பாதுவா போனாள். அவனோடு ஒரே அறையில் தங்கியவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். அவன் போன வாரமே காலி செய்துவிட்டானாம். எந்த ஊர் என்று தெரியாது. அவர்கள் கொடுத்த சூப்பை மிச்சம் வைக்காமல் குடித்துவிட்டு, அதே டிரைவரோடு திரும்பி வந்துவிட்டாள்.

மாமியார் வீட்டுக்குப் போகவில்லை. என் கடைக்கு மேலே இருந்த அறையை வாடகைக்குக் கேட்டாள். வந்து இரண்டு வருடமாகிறது. விவாகரத்துக் காகிதமும் வரவில்லை, அவனும் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் சாப்பிடக் கூப்பிடுவேன். "இன்னொரு நாள் அக்கா" என்பாள். கொஞ்ச நேரத்தில், மாடியில் ஒற்றைத் தட்டு கழுவும் சத்தம் கேட்கும்.