கோடு சாய்ந்த பை

அளவு நாடாவைக் குளிக்கும்போது மட்டும்தான் கழுத்திலிருந்து எடுப்பார் என்பதால் தெருவில் அந்தத் தையல்காரருக்கு 'டேப்பு' என்று பெயர். நாற்பதைத் தாண்டியும் கல்யாணம் ஆகவில்லை. ஏன் என்று கேட்டால், "எனக்கு அளவு சரியா வரல" என்பார். அவருக்குப் பிடித்தது ஆண்களைத்தான் என்பது அவருக்கும் அவருடைய கைபேசிக்கும் மட்டுமே தெரியும். கூடவே உட்கார்ந்து பட்டன் கட்டும் அக்காவுக்குக்கூடத் தெரியாது.

துணை தேடுவதிலும் மனிதர் தையல்காரர்தான். வெட்டிய துணி ஒட்டாது என்பதால் எதையும் அளந்து பார்த்துத்தான் செய்வார். காசு கேட்காத செயலிகளாகப் பார்த்து இறக்கினார். முதலாவது, உள்ளே நுழையுமுன்பே அவருடைய தொடர்பு எண்களையெல்லாம் கேட்டது. "வாசல்ல நிக்கும்போதே பீரோ சாவியக் கேக்குறான் பாரு" என்று அதைத் தூக்கியெறிந்தார். அடுத்தது, அவர் எவ்வளவு பக்கத்தில் இருக்கிறார் என்று ஊருக்கே தண்டோரா போட்டது. அதுவும் போயிற்று. மூன்றாவதில் தூரத்தை மறைக்கலாம், வம்பனைத் தடுக்கலாம், புகார் சொன்னால் கேட்கவும் ஆள் இருந்தது. அதில் தங்கினார். அங்கேயும் அவருக்கென்று ஒரு சட்டம் உண்டு. வீடியோவில் முகம் காட்டாதவனைச் சந்திப்பதில்லை. ட்ரயல் பார்க்காமல் கோட்டு தைக்க முடியுமா என்ன?

முகத்தை மறைத்தவர் விரலை மறைக்க மறந்தார். படமாக வைத்தது தன் கையை. மெஷின் ஊசி ஏறி நகம் இரண்டாகப் பிளந்த ஆள்காட்டி விரல் அதில் பளிச்சென்று தெரிந்தது. தையல்காரனுக்கு அது தழும்பா? வெறும் விரல்தான்.

ஒரு மதியம், தலை தெரியாத படம் போட்ட ஒருவன் பேச வந்தான். வீடியோ என்றதும் நழுவினான். பிறகு எழுதினான்: "நீ யாருன்னு உன் விரலே சொல்லிடுச்சு. மாசக் கடைசிக்குள்ள கடையக் காலி பண்ணு. இல்லேன்னா உன் அக்காகிட்ட எல்லாத்தையும் காட்டுவேன்."

அவருக்குக் கடை போனாலும் பரவாயில்லை, அக்கா போய்விடுவாளோ என்ற பயம்தான் பெரிதாக இருந்தது. பயத்தோடே படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். கோடு போட்ட சட்டை. உடம்பில் கோடு நேராக இறங்க, சட்டைப்பையில் மட்டும் சாய்ந்து கிடந்தது. அப்படியொரு பையை அவர் ஒரே ஒரு சட்டைக்குத்தான் வைத்திருக்கிறார். அரைக்கைக்குத் துணியைக் கொடுத்துவிட்டு முழுக்கைதான் வேண்டும் என்று அடம்பிடித்தான் பக்கத்துப் பாத்திரக்கடைக்காரன். மிஞ்சிய துண்டு பையை நேராக வெட்டப் பத்தவில்லை. அதை வைத்துத் தைத்த அன்று டேப்புக்கு வெட்கத்தில் சோறு இறங்கவில்லை. நடுச்சுவரை இடித்துக் கடையைப் பெரிதாக்க அந்தப் பாத்திரக்கடைக்காரனுக்கு ரொம்ப நாளாக ஆசை.

"நான் தச்ச சட்டையப் போட்டுக்கிட்டு என்னையே மிரட்டுறியா?" பயம் இருந்த இடத்தில் கோபம் வந்து உட்கார்ந்தது. மடியில் கனம் இருந்தால்தானே வழியில் பயம்? கனத்தை இறக்கிவைத்துவிட முடிவு செய்தார்.

"அக்கா, ஊசியக் கீழ வை. ஒண்ணு சொல்லணும்."

சுற்றி வளைக்காமல் சொன்னார். மிரட்டலையும் படித்துக் காட்டினார். அக்கா கையிலிருந்த சட்டையை மடித்து ஓரமாக வைத்தாள். அதற்குள் அவர் செத்துப் பிழைத்தார்.

"இத்தன வருஷமா எங்கிட்ட ஏன்டா மறைச்ச?"

"பயம்க்கா."

"யாரப் பாத்து? என்னையா?" கண்ணைத் துடைத்துக்கொண்டு கைபேசியைப் பிடுங்கிப் பார்த்தாள். "அடப்பாவி! இது நான் பட்டன் கட்டின சட்டையாச்சே!"

கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு பக்கத்துக் கடை வாசலில் போய் நின்றாள். "எங்கிட்ட என்னமோ காட்டணும்னியாமே? காட்டுய்யா. கண்ணாடியோடதான் வந்திருக்கேன். எந்தம்பிக்கு ஆம்பளைங்களத்தான் பிடிக்கும், அது எனக்குத் தெரியும். வேற என்ன வச்சிருக்க?"

பாத்திரக்கடைக்காரன், "நானா? யார் சொன்னா?" என்று மென்று விழுங்கினான். தெருவே திரும்பிப் பார்த்தது. அக்கா பின்னாலேயே வந்து நின்ற டேப்பு தலை குனியவில்லை.

"நீ எழுதினதெல்லாம் பத்திரமா இருக்கு. செயலிக்காரங்களுக்குப் புகார் போயாச்சு. இன்னொரு வார்த்த எழுதினா போலீஸுக்கும் போகும்," என்றார். பிறகு சொன்னார்: "பையில கோடு சாஞ்சிருக்கு. அந்தச் சட்டையக் கொண்டா, சரி பண்ணித் தரேன். எப்ப வேணா வா. கடை இங்கதான் இருக்கும். நானும் இங்கதான் இருப்பேன்."