ஏழு சாண் மேசை

ஸ்கூட்டியில் ஏறி ஹெல்மெட்டை மாட்டினால் போதும், ஸுஹைறா டீச்சருக்கு வகுப்புத் தொடங்கிவிடும். மருதமுனையிலிருந்து கல்முனைக்குப் போகும் பிரதான வீதியில் பஸ்ஸும் முச்சக்கரவண்டியும் காது கிழிய ஹோர்ன் அடிக்கும். அவருடைய ஹெல்மெட்டுக்குள்ளே முப்பது பிள்ளைகள் சம்மணம் கட்டி உட்கார்ந்திருப்பார்கள். "புள்ளயள், ஒரு தோடம்பழத்தச் சரிபாதியா வெட்டினா எத்தனை துண்டு?" "ரெண்டு டீச்சர்!" முப்பது வாயும் ஒரே நேரத்தில் திறக்கும். ஒருவனும் மூக்கைத் தோண்டமாட்டான், ஒருத்தியும் பென்சில் காணவில்லை என்று அழமாட்டாள். அப்படியொரு வகுப்பு இந்தத் துனியாவில் எங்கே இருக்கிறது என்று கேட்காதீர்கள், ஹெல்மெட்டுக்குள்தான் இருந்தது.

வீட்டிலும் இதே கதைதான். மீன் ஆணம் கொதிக்கக் கொதிக்க, அகப்பையைப் பிடித்தபடி எங்கேயோ பார்த்துக்கொண்டு உதடு அசைப்பார். கல்முனையில் ஹாட்வெயார் கடை வைத்திருக்கும் அவருடைய கணவர் ஜவுபர் சாப்பாட்டு மேசையில் காத்திருந்து பார்த்துவிட்டுக் கேட்பார்: "டீச்சர், வகுப்பு முடிஞ்சா? ஆணம் அடிப்புடிக்கிது."

"முடிஞ்சி, முடிஞ்சி. வாங்க சாப்பிட" என்று இவர் திடுக்கிட்டு அடுப்பை அணைப்பார்.

இத்தனைக்கும் அவர் உண்மையான வகுப்பொன்றில் கடைசியாகப் படிப்பித்துப் பதினான்கு வருடம் ஆகிறது. ஆசிரிய ஆலோசகர் என்பது அப்படிப்பட்ட உத்தியோகம். பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போக வேண்டும், மற்றவர்கள் படிப்பிப்பதை வகுப்பின் பின்வரிசை வாங்கில் இருந்து பார்க்க வேண்டும், அவதானிப்புப் படிவத்தை நிரப்ப வேண்டும், அதன் கடைசிக் கட்டத்தில் ஆலோசனை எழுத வேண்டும். மாதத்துக்கு இரண்டு செயலமர்வு. அதில் பெரிய தாளும் மார்க்கர் பேனையும் கொடுத்து ஆசிரியர்களைக் குழுக்களாகப் பிரித்து, பிள்ளைகள் தாங்களே கண்டுபிடித்துப் படிப்பது எப்படி என்று சொல்லிக்கொடுக்க வேண்டும். சும்மா சொல்லக்கூடாது, டீச்சர் அதைக் கெட்டித்தனமாகவே செய்தார். அவருடைய செயலமர்வில் சோற்றுப் பார்சல் சாப்பிட்ட பிறகும் நித்திரை கொள்ளாதவர்கள் நாலைந்து பேராவது இருப்பார்கள். அது பெரிய காரியம்.

அப்படியொரு பின்னேரம்தான் றுஸ்தா எழும்பினாள். கல்விக் கல்லூரி முடித்து வந்து இரண்டு வருடம், மாவடிப்பள்ளிப் பக்கம் வயல் ஓரத்துப் பள்ளிக்கூடமொன்றில் மூன்றாம் தரத்துக்குப் படிப்பிக்கிறாள். போன தவணை டீச்சர் அவளுடைய வகுப்பில் நாற்பது நிமிடம் இருந்துவிட்டு, "மாணவர் பங்களிப்புப் போதாது" என்று எழுதிவைத்து, பிளேன்டீயையும் குடித்துவிட்டு வந்திருந்தார்.

"டீச்சர், பிழையா நினைக்கப்படாது" என்றாள் றுஸ்தா. "நீங்க செல்லுற எல்லாம் நல்லாத்தான் இரிக்கி. எங்கட வகுப்புல அது நடக்குதில்லயே. ஒரு நாளைக்கு வந்து எங்கட புள்ளயளுக்கு நீங்களே படிப்பிச்சிக் காட்டுங்களன். நாங்க பின்னால இருந்து பாக்கிறம்."

நித்திரை கொண்டவர்களும் விழித்துக்கொண்டார்கள்.

"அதுக்கென்ன, வாறன்" என்றார் ஸுஹைறா டீச்சர். சொன்னது வாய்தான். வீட்டுக்குப் போகும் வழியில் ஹெல்மெட்டுக்குள் ஒரு பிள்ளையும் வந்து உட்காரவில்லை.

பயம்தான், வேறென்ன. படிப்பிக்கிறது மறந்துபோயிருந்தால்? அதைவிட மோசம், ஒரு காலமும் ஒழுங்காகத் தெரியாமலே இருந்திருந்தால்? அப்படியென்றால் பதினான்கு வருடமாக எத்தனையோ பேருடைய படிவத்தின் கடைசிக் கட்டத்தில் எழுதியதெல்லாம் என்ன? இந்த ஒரு பாடம் பிழையாகிப்போனால், இனி எந்த முகத்தோடு ஒருத்தியின் வகுப்பில் பின்வாங்கில் போய் உட்காருவது? இதையெல்லாம் ஜவுபரிடம் கொட்டினார்.

"அப்ப என்னத்துக்கு ஓமெண்டு சென்னீங்க?"

"அந்தப் புள்ள கேட்டது ஞாயம்தானே."

"ஞாயமெண்டா போங்க. இவ்வளவு காலமும் எனக்கு அடிப்புடிச்ச ஆணம் தந்து நடத்தின வகுப்புத்தானே" என்றார் அவர். டீச்சருக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

நீளம் அளத்தல் என்ற பாடத்தைத் தெரிந்தெடுத்தார். பாடம் லேசானது. பிள்ளைகள் ஒரு மேசையைச் சாணால் அளப்பார்கள். ஒருவருக்கு எட்டு வரும், இன்னொருவருக்கு ஒன்பது வரும். எனக்குத்தான் சரி, உனக்குப் பிழை என்று சண்டை பிடிப்பார்கள். அந்தச் சண்டைக்குள்ளிருந்துதான், கை பெரிசென்றால் சாண் குறையும், கை சிறிசென்றால் கூடும், ஆகவே எல்லோருக்கும் பொதுவான ஓர் அளவு வேண்டும் என்பது வெளியே வரும். அப்போது மீற்றர் கோலை எடுத்துக் காட்ட வேண்டும். பாடக்குறிப்பை அழகாக எழுதி, "உதாரணம்: மேசையின் நீளம் 7 சாண்" என்று ஓரிடத்தில் குறித்து, றுஸ்தாவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினார். அந்த ஏழு சும்மா கைக்கு வந்த ஓர் எண், அவ்வளவுதான்.

அன்றைக்குச் சுபஹுத் தொழுதுவிட்டு வெளிக்கிட்டார். சாய்ந்தமருதும் காரைதீவும் பனிக்குள் மெதுவாக வந்து மெதுவாகப் போயின. அம்பாறை வீதிக்குத் திரும்பியதும் இரண்டு பக்கமும் வயல். குடலைப் பருவத்து நெல்லின் மேல் பனி படுத்திருந்தது. கொக்குகள் நின்றனவா, வெள்ளைச் சேட்டுப் போட்ட பிள்ளைகள் கையை உயர்த்திக்கொண்டு நின்றார்களா என்று ஒரு கணம் அவருக்கே தெரியவில்லை. ஸ்கூட்டி ஓடுகிறதா, வயல்தான் பின்னால் போகிறதா என்பதும் தெரியவில்லை.

அதிபர் முனாஸ் சேர் வாசலில் டை கட்டி நின்றார். தின்னப் பெட்டிசும் குடிக்கப் பிளேன்டீயும் தயார். "டீச்சர், நீங்க ஒண்டுக்கும் யோசிக்காதீங்க. உங்கட மானம் எங்கட மானம். எல்லாம் ரெடி" என்றார். நல்ல மனிதர், உள்ளதைச் சொல்லத்தான் வேண்டும்.

வகுப்புக்குள் நுழைந்ததும் டீச்சர் அப்படியே நின்றுவிட்டார். ஹெல்மெட்டுக்குள் இருந்த வகுப்பு வெளியே வந்து உட்கார்ந்திருந்தது! கழுவித் துடைத்த முகங்கள், கட்டிய கைகள், ஒரு சத்தம் இல்லை. பின்னால் இருபது ஆசிரியர்கள், நடுவே கல்விக் காரியாலயத்திலிருந்து வந்த கனகரெத்தினம் சேர், ஓரமாக றுஸ்தா. அவள் மட்டும் தலை குனிந்திருந்தாள். கேட்கக் கேட்கப் பதில் வந்தது. தன் குரல் பாட்டுப்போலப் போவது டீச்சருக்கே கேட்டது. அல்லாஹ்வே, மறக்கவில்லை, ஒன்றும் மறக்கவில்லை என்று மனம் மிதந்தது.

"இப்ப உங்கட உங்கட சாணால மேசய அளந்து பாருங்க. எத்தனை?"

"ஏழு சாண் டீச்சர்!"

எவ்வளவு இனிமையாக இருந்தது! அடுத்த மேசைக்குப் போனார். அங்கே நெடுத்த பையன் ஒருவன், வாழைப்பூ மடல்போலக் கை. "ஏழு டீச்சர்." பக்கத்தில் அரைக் கை அளவில் ஒரு சின்னவள். "ஏழு டீச்சர்." கடைசி மேசை. "ஏழு." அப்போதுதான் அவருக்கு ஏதோ இடித்தது. தன் கையை வைத்து அளந்து பார்த்தார். ஆறு. பெரிய ஆளுக்கே ஆறு, பிள்ளைக்கு எப்படி ஏழு வரும்? எட்டுக்குக் கீழே வரவே வராது. வாட்ஸ்அப்பில் போன அந்த 'ஏழு சாணை'ப் பாடமாக்கிக் கொடுத்திருக்கிறார்கள்! சண்டை பிடித்தால்தான் வெல்லும் பாடத்தில், சண்டையைத் துடைத்தெடுத்துவிட்டு அந்த எண்ணை வைத்திருக்கிறார்கள்.

கனகரெத்தினம் சேர் திருப்தியாகத் தலையாட்டினார். முனாஸ் சேர் முகமெல்லாம் பல். மீற்றர் கோலை எடுத்துக் காட்டிவிட்டு முடித்தால் எல்லோரும் கைதட்டுவார்கள். யாருக்கு என்ன நட்டம்? டீச்சர் மீற்றர் கோலுக்குக் கையை நீட்டியும்விட்டார்.

அப்போது யன்னலுக்கு வெளியே ஒரு குரல் முணுமுணுத்தது. "பதினொண்டு... பன்னெண்டு..." ஒரு பெண்பிள்ளை யன்னல் கட்டைச் சாணால் அளந்துகொண்டிருந்தாள்.

"உங்கட பேரென்ன மகள்?" என்றார் டீச்சர்.

"சிபானா."

"எந்த வகுப்பு?"

"இந்த வகுப்புத்தான்."

"அப்ப ஏன் வெளியில நிக்கிறீங்க?"

"ஒண்டும் தெரியாத ஆக்கள் பதின்மூணு பேரையும் ஹோலுக்குப் போகச் சென்னாங்க. எனக்கு அங்க அலுத்துப் போயிட்டு."

முனாஸ் சேர் கூரையைப் பார்க்கத் தொடங்கினார். பின்னால் யாரோ இருமினார்கள். டீச்சர் மீற்றர் கோலை வைத்த இடத்திலேயே விட்டார்.

"உள்ள வாங்க. மத்த ஆக்களையும் கூட்டிட்டு வாங்க."

வந்தார்கள். ஐயோ, என்ன வரத்து அது! கதிரை விழுந்தது, தண்ணீர்ப் போத்தல் உருண்டது, ஒருவன் வந்ததும் வராததுமாக ஒண்டுக்குப் போகக் கேட்டான். சிபானா மேசையை அளந்தாள்.

"எட்டர!"

"பிழை! ஏழு!" என்று பதினெட்டு வாய் கத்தியது.

"எட்டரதான்!"

"எனக்கு ஒம்பதுதான் வந்த டீச்சர்" என்று அந்தச் சின்னவள் அழுவதுபோலச் சொன்னாள். "ஏழு எண்டுதான் செல்லணுமாம்."

இதுதான் வேண்டும், இந்தச் சண்டைதான் என்று டீச்சர் வாயைத் திறப்பதற்குள் அது கைமீறிவிட்டது. "டீச்சருக்கு எத்தனை?" என்றான் ஒருவன். "ஆறு" என்றார் இவர். அது எரிகிற அடுப்பில் எண்ணெய் விட்டதாயிற்று. ஆறா, ஏழா, எட்டரையா? நெடுத்த பையன் சிபானாவைப் பார்த்துச் சொன்னான்: "உன்ட கைதான் பிழை." நாலைந்து பேர் சிரித்தார்கள். சிபானா கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டாள். மணி அடித்தது.

பிள்ளைகள் ஓடிப்போனார்கள். கனகரெத்தினம் சேர் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு, "பரவாயில்ல டீச்சர், காலநேர முகாமைத்துவத்தக் கொஞ்சம் கவனிச்சா சரி" என்றார். அந்த வார்த்தையை டீச்சரே எத்தனை பேருக்கு எழுதியிருக்கிறார்!

அழுதுவிடுவோமோ என்று பயமாக இருந்தது. ஆனாலும் பையைத் திறந்து அவதானிப்புப் படிவங்களை எடுத்து ஆசிரியர்களிடம் நீட்டினார். "இண்டைக்கு நீங்க நிரப்புங்க. ஒளிக்காம எழுதுங்க" என்றார். முனாஸ் சேர் பக்கத்தில் வந்து, "டீச்சர், நான் நல்லதுக்குத்தான்..." என்று தொடங்கினார். "தெரியும் சேர். அந்த ஏழ எழுதினது நான்தானே" என்றார் இவர்.

வீட்டுக்கு வந்து கட்டிலில் சாய்ந்துகொண்டு படிவங்களைப் படித்தார். பத்தொன்பது பேரும் மரியாதையாக எழுதியிருந்தார்கள். "சிறந்த முயற்சி." "நல்ல குரல் வளம்." ஒருவர் பெட்டிசைக்கூடப் பாராட்டியிருந்தார். இருபதாவது றுஸ்தாவுடையது. "எதிர்பார்த்த பேறு அடையப்பட்டதா?" என்ற கேள்விக்கு நேரே, "இல்லை." கடைசிக் கட்டத்தில், ஆலோசனை என்ற இடத்தில், பேசுவதுபோலவே எழுதியிருந்தாள்:

"நாளைக்கும் வாங்க டீச்சர். சிபானாட கை பிழையில்ல எண்டு செல்லாமப் போயிட்டீங்க."

அவர் அதை இரண்டு தரம் படித்தார். பதினான்கு வருடத்தில் எந்தப் பள்ளிக்கூடத்துக்கும் அடுத்த நாளும் போனதில்லை என்பது அப்போதுதான் நினைவில் தட்டியது. றுஸ்தாவின் வகுப்புக்கும் மறுபடி போகவில்லை. எழுதிவைத்துவிட்டு வந்ததோடு சரி.

ஜவுபர் எட்டிப் பார்த்தார். "வகுப்பு முடிஞ்சா டீச்சர்?"

"இல்ல" என்றார் ஸுஹைறா. "நாளைக்கும் இரிக்கி."

மறுநாளும் அதே பனி, அதே வயல். ஹெல்மெட்டுக்குள் பிள்ளைகள் வந்து உட்கார்ந்தார்கள். "மேசை எத்தனை சாண்?" என்று கேட்டார். "ஏழு டீச்சர்!" என்றார்கள். பின்னாலிருந்து ஒரு குரல், "இல்ல டீச்சர், எனக்கு எட்டர" என்றது. ஸுஹைறா டீச்சர் நடுவீதியில் வாய்விட்டுச் சிரித்தார். எதிரே உரமூட்டை ஏற்றி வந்த உழவு இயந்திரக்காரன் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு போனான்.

அன்றைக்குப் பெட்டிசும் இல்லை, டையும் இல்லை. முப்பத்தொரு பிள்ளைகளும் வகுப்பில் இருந்தார்கள், காது அடைக்கும் சத்தம். டீச்சர் கரும்பலகைப் பக்கம் போகவில்லை. நேரே சிபானாவிடம் போய்த் தரையில் முழங்கால் மடித்து உட்கார்ந்து, தன் கையை விரித்து நீட்டினார்.

"வையுங்க பாப்பம்."

சிபானா முதலில் அசையவில்லை. பிறகு முதுகுக்குப் பின்னாலிருந்து கையை எடுத்து, அந்தப் பெரிய கையின் மேல் வைத்தாள். சுண்டுவிரல் நுனிக்கு மேலே இன்னும் எவ்வளவோ இடம் மிச்சம் இருந்தது. அவள் அதை வெகுநேரம் பார்த்தாள். மற்றப் பிள்ளைகளும் எழும்பி வந்து சுற்றி நின்று பார்த்தார்கள், அந்த நெடுத்த பையனும் வந்து நின்றான்.

"டீச்சர்" என்றாள் சிபானா மெதுவாக. "உங்கட கை இவ்வளவு பெரிசெண்டா, எனக்கு எட்டர வரத்தானே வேணும்?"

பின்வாங்கில் படிவத்தை மடியில் வைத்துக்கொண்டிருந்த றுஸ்தா பேனையை மூடினாள். எழும்பி வந்து, நெடுத்த பையனுக்குப் பக்கத்தில் தன்னுடைய கையையும் நீட்டினாள்.