ஓடை இறாலின் தலை

இந்த மலையூர் அட்டுவம்பட்டியில் ஓடை இறாலை யாரும் தின்பதில்லை. என் மனைவி முத்தம்மா முந்தானையை வலையாக்கி ஓடையில் இறங்கினால், வரப்பில் நின்று சிரிக்கிறார்கள். "ஏம்மா சிலோன்காரம்மா, வேற சோலி இல்லையா? பூச்சியவா பிடிக்கிற?" என்கிறார் நாங்கள் வேலை செய்யும் தோட்டத்தின் சொந்தக்காரர். சிலோனில் கூனி இறாலை இடித்த சம்பல் இல்லாமல் ரொட்டி தொண்டையில் இறங்காது என்பதை இவருக்கு எப்படி விளக்குவது? நானும் சிரித்துவைக்கிறேன்.

சிலோன் தேயிலைத் தோட்டத்து லய வீடுகளில் இன்னமும் இருக்கும் உங்களுக்குச் சொல்கிறேன்: பயிருக்கு அடிக்கும் மருந்து இங்கேயும் அதே செம்பு மருந்துதான். அங்கே தேயிலையின் கொப்புள நோய்க்கு அடித்தேன். இங்கே உருளைக்கிழங்குக் கருகலுக்கு மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்து அடிக்கிறேன். விரலிடுக்கில் அதே நீலம். நாங்கள் இந்தியாவுக்குக் கப்பல் ஏறியபோது முத்தம்மாவின் தங்கை செல்வி வரவில்லை. கட்டியவனுக்கு அந்த நாட்டுக் குடியுரிமை கிடைத்ததால் அங்கேயே நின்றுவிட்டாள். எண்பத்து மூன்றாம் வருடக் கலவரத்தில் அவர்கள் இருந்த லயம் எரிந்தது. அதன்பிறகு அவளைப் பற்றி ஒரு தகவலும் இல்லை.

அவளுக்குக் கருமாதி செய்துவிடுங்கள் என்கிறார்கள் எங்கள் ஆட்கள். முத்தம்மா காதில் வாங்குவதில்லை. ஞாயிற்றுக்கிழமை இறால் வறுத்தால் செல்விக்கென்று ஒரு தட்டு வைப்பாள். அது படையலா, வரப்போகிறவளுக்கு எடுத்துவைத்த சோறா என்று கேட்க எனக்குத் தைரியம் இல்லை. அந்தத் தட்டுக்கு முதுகு காட்டி உட்காரவும் பயம், முகம் காட்டி உட்காரவும் பயம்.

மதுரைக் கல்லூரி ஒன்றிலிருந்து ஆராய்ச்சிக்காக ஒரு பெண் வந்து, ஓடை இறால்களைப் புட்டியில் பிடித்துப் போயிருந்தார். மறுமுறை வந்தபோது நேராக எங்கள் வாசலுக்கே வந்துவிட்டார்.

"அக்கா, இந்த எறால சாப்பிடாதீங்க. வயல்ல அடிக்கிற செம்பு மழையில ஓடைக்கு வந்துருது. எறா தலைக்குள்ள மஞ்சளா ஈரல் மாதிரி இருக்கில்ல, இரை செமிக்கிற எடம், அதுலதான் போய்ச் சேருது."

"செம்பு சேந்தா எறா செத்துப் போகாதா?" என்றாள் முத்தம்மா.

"அதோட ரத்தத்துக்கே கொஞ்சம் செம்பு வேணுங்க்கா. மிஞ்சுனத அந்த ஈரல்ல ஒரு புரதம் இறுக்கிப் பிடிச்சுக்கிரும். கொஞ்சம் மணிமணியா உறைஞ்சு கெடக்கும். அப்படிக் கட்டி வச்சிருக்கிறவரைக்கும் அதுக்குக் கெடுதல் இல்ல. அளவு மீறுனாத்தான் தாங்காது."

"வெளிய விடவே விடாதா?"

"லேசுல விடாதுக்கா. நீங்க இத விட்டுருங்க. மனசு கேக்கலைன்னா தலையையாவது கிள்ளிப் போட்டுருங்க."



அந்த ஞாயிறும் இறால் பிடித்து வந்தாள். எங்கள் பங்குக்குத் தலைகளைக் கிள்ளி முடித்துவிட்டுச் செல்வியின் பங்கை எடுத்தாள். செல்விக்கு இறால் தலை என்றால் உயிர். செத்தவர்களுக்குப் பிடித்ததைத்தானே படைப்பார்கள்? செத்தவளைச் செம்பு என்ன செய்துவிடும்?

"அவளுக்குத் தலையோட வச்சிரலாமே," என்றேன்.

முத்தம்மா நிமிரவில்லை. "நல்லாச் சொன்னீங்க! அவ வந்து தின்னுட்டு வகுத்தப் புடிச்சிக்கிட்டுக் கெடந்தா, நீங்களா பாப்பீங்க?"

அதட்டிவிட்டு, தங்கையின் பங்கிலும் ஒவ்வொரு தலையாகக் கிள்ளி எறிந்தாள்.

நான் எழுந்து போய் அந்தத் தட்டின் பக்கத்தில் ஒரு தம்ளர் தண்ணீர் வைத்தேன். பிறகு இருவரும் சாப்பிட உட்கார்ந்தோம். பனி வீட்டுக்குள் ஏறிக்கொண்டிருந்தது. வாசல் கதவைச் சாத்த இரண்டு பேருக்கும் மனம் வரவில்லை.