ரப்பர் உடுப்புக்குள் அப்பா

என் அப்பா லூயி டத்தி, வடகடலின் நடுவே நிற்கும் ஓர் எண்ணெய்க் கிணற்று மேடையில் சமையல்காரர். மூன்று வாரம் கடலில் இருப்பார், மூன்று வாரம் பீட்டர்ஹெட் துறைமுக ஊரில் எங்களோடு இருப்பார். பதினெட்டு வருடம் அப்படித்தான் ஓடியது.

கல்யாணப் படத்தில் அப்பா ஒல்லி. அப்போது அவர் மீன்பிடிப் படகில் இருந்தார். வலை இழுக்கிற உடம்பு. எவ்வளவு தின்றாலும் கரைந்துவிடும். மீன் குறைந்து, படகை உடைத்து விற்ற பிறகுதான் மேடைக்குப் போனார். அங்கே ஒரு நாளைக்கு நான்கு வேளை சாப்பாடு, எல்லாம் இலவசம். குடி கிடையாது, போக ஓர் இடம் கிடையாது. பன்னிரண்டு மணி நேரம் வேலை பார்த்துவிட்டு வருகிறவர்களுக்குத் தட்டு ஒன்றுதான் சந்தோஷம். அந்தத் தட்டை நிரப்பியவர் அப்பா. ருசி பார்ப்பார். மிஞ்சியதைக் கொட்ட மனமில்லாமல் நின்றபடியே தின்பார். இரவு முறை வரும் வாரங்களில் பகலில் தூக்கம் பிடிக்காது. தூங்காத உடம்பு இன்னும் அதிகமாகத் தின்னக் கேட்கும். வருடத்துக்கு மூன்று கிலோ, நான்கு கிலோ என்று ஏறியது. கொஞ்சம் கொஞ்சமாக ஏறியதால் எங்களுக்கு அது தெரியவில்லை. பெல்ட்டுக்குத்தான் தெரிந்திருக்கும்.

ஹெலிகாப்டரில் ஏறுவதற்கு முன் எல்லோரையும் எடை போடுவார்கள். கடலில் விழுந்தால் குளிர் ஏறாமல் காக்கும் ஆரஞ்சு நிற ரப்பர் உடுப்பைப் போட்டுக்கொண்டு வரிசையில் நிற்க வேண்டும். அங்கேதான் கேலி நடக்கும்.

“லூயிய நடுவுல உக்கார வைங்கப்பா,” என்பார் மன்ரோ. பாரந்தூக்கி ஓட்டுபவர், அப்பாவின் கூட்டாளி. “ஓரத்துல உக்காந்தான்னா நார்வேக்குப் போய்ச் சேந்துடுவோம்.”

“பேசு, பேசு. சனிக்கெழம உன் தட்டுல எலும்பு மட்டும்தான் இருக்கும், பாத்துக்க.”

போன குளிர்காலத்தில் அப்பாவின் கம்பெனி ஒரு விதி கொண்டுவந்தது. ஜூனிலிருந்து நூற்று இருபத்தைந்து கிலோவுக்கு மேல் உள்ளவர்களுக்கு ஹெலிகாப்டரில் இடமில்லை. கடலில் விழுந்தவரைக் கம்பிக் கயிற்றில் தூக்கும்போது அதற்கு மேல் தாங்காது என்றார்கள். அப்பா நூற்று முப்பத்தெட்டு. பறக்க முடியாவிட்டால் வேலை இல்லை. படகும் இல்லை. எங்கள் ஊரில் ஐம்பத்திரண்டு வயதுக்காரரை யார் கூப்பிடப் போகிறார்கள்?

மருத்துவமனை நர்ஸ் ஷோனா அவரை உட்கார வைத்துப் பேசினார்.

“வாரத்துக்கு அரைக் கிலோ, மிஞ்சினா ஒரு கிலோ. அதுக்கு மேல வேகமா எறங்குதுன்னா, போறது கொழுப்பு மட்டுமில்ல லூயி, தண்ணியும் சதையும் சேந்து போகும். பட்டினி கெடந்தா உடம்பு பஞ்சம் வந்துடுச்சுன்னு நெனச்சிக்கும். செலவக் கொறைச்சிட்டுப் பசிய ஏத்தி விடும். அதனால சாப்பிடுங்க. ஆனா கொறைவா, நேரத்துக்கு. நல்லா தூங்குங்க, நடங்க.”

அப்பா சொன்னபடி கேட்டார். காலையில் உப்புப் போட்ட ஓட்ஸ் கஞ்சி, மதியம் பருப்பு சூப், இரவு வேகவைத்த மீன். எங்கள் ஊர் வெண்ணெய் ரொட்டி வீட்டுக்குள் வருவது நின்றது. பள்ளியை முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்த நானும் கடற்கரை நடைக்கு அவரோடு போனேன். முதலில் பெஞ்சுக்குப் பெஞ்சு உட்கார்ந்தார். அப்புறம் ஒரு பெஞ்சைத் தாண்டினார். மேடையில் இருக்கும்போதும் அடுப்பு முன்னால் வாயைக் கட்டினார். ஏப்ரலில் நூற்றிருபத்தொன்பது.

அங்கே நின்றுவிட்டது. அதே கஞ்சி, அதே நடைதான், ஆனால் தராசு அசையவில்லை.

“இது தப்பில்ல,” என்றார் ஷோனா. “உடம்பு சின்னதாச்சுன்னா அதுக்கு வேண்டிய தீனியும் கொறையும். இன்னும் ரெண்டு மூணு மாசம் விடாம செய்யுங்க, திரும்ப எறங்கும்.”

“அந்த ரெண்டு மூணு மாசம்தான் எங்கிட்ட இல்லையே.”

“கம்பெனி டாக்டர்கிட்ட நான் பேசிப் பாக்கட்டுமா?”

“வேணாம். குண்டன் ஒருத்தன் அவகாசம் கேக்கறான்னு தெரிஞ்சாலே என்னத் தள்ளி வச்சிடுவாங்க.”

மே கடைசியில் மன்ரோ ஒரு பழைய ரப்பர் உடுப்பைக் கொண்டுவந்து கொடுத்தார்.

“குதிரைப் பந்தயக்காரனுங்க இப்படித்தான்டா செய்றானுங்க. கடல் தண்ணி உள்ள வராத உடுப்பு. அப்ப உள்ள இருக்கற தண்ணி எங்க போகும்? பிழிஞ்சு எடு. தராசுல ஏறி எறங்கினப்புறம் குடிச்சிக்க.”

அந்த வாரம் அப்பா சாப்பாட்டை நிறுத்திவிட்டார். கராஜில் இரண்டு ஹீட்டரைப் போட்டுவிட்டு, கழுத்துவரை ஜிப்பை இழுத்துக்கொண்டு, சுவருக்குச் சுவர் நடந்தார். முகம் வெந்த நண்டு மாதிரி இருந்தது. அம்மா கதவருகே தண்ணீர்க் குவளையோடு நின்றாள்.

“கழட்டு அத, லூயி.”

“இன்னும் கொஞ்ச நேரம், மொய்ரா.”

“ஷோனாவுக்கு இது தெரியுமா?”

“தராசுக்குத் தெரிஞ்சா போதும்.”

குவளையை வாங்கி வாய் கொப்பளித்துத் துப்பினார். உடுப்பைக் கழற்றிக் கால் பக்கமாகச் சாய்த்தபோது, தரையில் தண்ணீர் ஓடியது. அம்மாவின் ரத்த அழுத்த மாத்திரைகளில், சிறுநீராக நீரை இறக்குகிற மாத்திரையையும் அவர் எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். அது பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது.

ஜூனில் தராசு நூற்றிருபத்து நான்கு காட்டியது. வரிசையில் எல்லோரும் கைதட்டினார்களாம். மேடையிலிருந்து அப்பா எனக்குப் போன் செய்தார். “பறந்துட்டேன், கிர்ஸ்டி,” என்றார். குரல் காய்ந்த காகிதம் போல இருந்தது.

குடித்த தண்ணீர் இரண்டு நாளில் எடையைத் திருப்பிக் கொடுத்தது. ஆனால் பட்டினியின் பசி போகவில்லை. ஷோனா சொன்னபடியே உடம்பு பஞ்சத்துக்குச் சேமிக்க ஆரம்பித்தது. “கை தானா தட்டுக்குப் போகுது,” என்று அம்மாவிடம் போனில் சொன்னார். ஜூலையில் வீட்டுக்கு வந்தபோது நூற்று முப்பத்திரண்டு. பிழிய வேண்டியது இப்போது இன்னும் அதிகம். அம்மா கராஜைப் பூட்டினாள். அப்பா உடுப்பைக் காருக்குள் போட்டுக்கொண்டு, கண்ணாடிகளை ஏற்றி வெயிலில் உட்கார்ந்தார்.

இரண்டாவது முறையும் தராசில் தேறிவிட்டார். அன்று மாலையே மேடையின் சமையலறையில், எண்ணெய்ச் சட்டி முன்னால் விழுந்தார். பின்பக்கமாக விழுந்ததால் முகம் தப்பியது. அங்கிருந்த மருத்துவ உதவியாளர் மின்சாரம் பாய்ச்சித்தான் இதயத்தைத் திரும்ப ஓட வைத்தார். இரத்தத்தில் இருக்க வேண்டிய உப்புகள் தண்ணீரோடு போய்விட்டதால் இதயம் தாளம் தப்பியது என்று ஆபர்டீன் ஆஸ்பத்திரியில் சொன்னார்கள்.

மன்ரோ தொப்பியைக் கையில் பிடித்தபடி படுக்கையோரம் வந்து நின்றார். கேலி எதுவும் வரவில்லை.

“நாங்க நாலு பேரு தூக்கினோம், மொய்ரா. ஒதடெல்லாம் நீலமா இருந்துச்சு.”

அம்மா திரும்பிப் பார்க்காமலே சொன்னாள். “உன் உடுப்பு கார்ல கெடக்கு. எடுத்துட்டுப் போ.”

அப்பா பிழைத்தார். ஆனால் இதயத்தில் ஒரு பகுதி பலம் இழந்துவிட்டது. கடலுக்குப் போக வேண்டிய மருத்துவச் சான்றிதழ் இனி எந்த எடையிலும் கிடைக்காது.

இப்போது மறுபடி கஞ்சி, மறுபடி நடை. அவசரம் எதுவும் இல்லை. வாரத்துக்கு அரைக் கிலோ, ஷோனா சொன்ன அதே கணக்கில் இறங்குகிறது. தூக்கமும் ஒழுங்காக வருகிறது. போன செவ்வாய்க்கிழமை ஷோனாவின் அறையில் அப்பா தராசில் ஏறினார்.

“நூத்திப் பத்தொம்போது,” என்றார் ஷோனா. “பாத்தீங்களா லூயி, நான்தான் அப்பவே…” பாதியில் நிறுத்திக்கொண்டார்.

“ஆமா, சொன்னீங்க,” என்று அப்பா குனிந்து ஷூவை மாட்டினார். முன்பு அவரால் குனிய முடியாது.

வெளியே வந்தபோது தலைக்கு மேல் ஒரு ஹெலிகாப்டர் கடலைப் பார்த்துப் போயிற்று. அது சிறிய புள்ளியாகும் வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

“செவ்வாக்கெழமன்னா மேடையில மீன் வறுவல்,” என்றார். “இப்ப இருக்கற சமையக்காரன் எண்ண காயறதுக்குள்ள போட்டுடுவான். மன்ரோ சொன்னான்.”

வீடு வரைக்கும் ஏற்றம். முதல் பெஞ்சிலேயே உட்கார்ந்தார். பழைய கோட்டு அவரைச் சுற்றித் தொளதொளவென்று கிடந்தது. மூச்சு அடங்கும் வரை நான் பக்கத்தில் நின்றேன்.