வெள்ளைச் சேலை வேடமும் தம்பியின் இணைச்சீரும்

எனக்கு முப்பத்திரண்டு வயதானபோது இருபத்தெட்டு வயதில் ஒரு மகள் இருந்தாள். தொலைக்காட்சியில்தான். கதாநாயகியின் அம்மா, மாமியார், சிடுசிடுக்கும் நர்ஸ், சர்க்கரை இரவல் கேட்டு வரும் பக்கத்து வீட்டுக்காரி என்று எனக்கு வாய்த்ததெல்லாம் அப்படித்தான். நிலையத்தில் யாரும் என்னை அழகி என்று சொன்னதில்லை. "நிஜம் மாதிரியே இருக்கும்மா" என்பார்கள். அது பாராட்டா, என் முகத்தைப் பற்றிய குறையா என்று கொஞ்ச நாள் குழம்பிவிட்டு, பாராட்டு என்றே வைத்துக்கொண்டேன்.

நான் பிறந்தது பரமத்தி வேலூர் பக்கம். என் வீட்டுக்காரர் லாரி புக்கிங் ஆபீஸ் வைத்ததால் எழுபதுகளின் கடைசியில் சென்னைக்குக் குடிபோனோம். பக்கத்து வீட்டுக்காரர் தொலைக்காட்சி நிலையத்தில் வேலை பார்த்தார். ஒரு நாடகத்துக்கு எங்கள் ஊர்ப் பேச்சு தெரிந்த பெண் வேண்டுமென்று என்னைக் கூட்டிப்போனார். நடிப்பு எனக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம் வேடிக்கை பார்ப்பது. சிறுமியாக நாமக்கல் பஸ்ஸில் ஏறினால், பக்கத்தில் இருப்பவள் எந்த விரலால் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவுகிறாள், வீட்டில் சண்டை போட்டுவிட்டு வருகிறவள் பையை எப்படி மடியில் அழுத்துகிறாள் என்று பார்த்துக்கொண்டே வருவேன். "அப்படி வெறிச்சுப் பாக்காத சாமி, அவங்க என்ன நெனைப்பாங்க" என்று அம்மா தொடையில் கிள்ளுவாள். கிள்ளிய இடத்தைத் தேய்த்துக்கொண்டே மறுபடியும் பார்ப்பேன்.

எண்பதுகளின் நடுவில் ஒரு தொடரில் விதவைத் தாய் வேடம் கிடைத்தது. மகள் கல்யாணத்தில் அவள் எங்கே நிற்பாள் என்று இயக்குநர் கேட்டார். நான் யோசிக்கவே இல்லை. சமையல்கட்டு நிலையில் தோளைச் சாய்த்து, முந்தானையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றேன். மேளம் உச்சத்துக்குப் போனதும் தலையை மட்டும் நீட்டினேன். யாரோ திரும்பியதும் சட்டென்று உள்ளே இழுத்துக்கொண்டேன். என் பத்து வயதில் அப்பா இறந்தார். அதற்குப் பின் நடந்த கல்யாணங்களில் எல்லாம் அம்மா அப்படித்தான் நின்றாள். காட்சிக்காகத் தாலியைக் கழற்றி என் வீட்டுக்காரரிடம் கொடுத்திருந்தேன். அவர் அதைச் சட்டைப் பையில் போட்டு, படப்பிடிப்பு முடியும்வரை பையின்மேல் கை வைத்தபடி உட்கார்ந்திருந்தார்.

ஊரே பஞ்சாயத்து டிவி முன்னால் கூடி அதைப் பார்த்திருக்கிறது. எங்கள் ஊர் லாரி டிரைவர் ஒருவர் அடுத்த வாரமே ஆபீசுக்கு வந்து, என் வீட்டுக்காரரை மேலும் கீழும் பார்த்து, "நல்லா இருக்கறீங்களாங்க?" என்று மூன்று தரம் கேட்டாராம். நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம்.

அடுத்த தை மாதம் என் தம்பிக்குக் கல்யாணம். எங்கள் பக்கத்தில் தாலி கட்டுவதற்கு முன் இணைச்சீர் என்று ஒன்று உண்டு. கூறைச்சேலையின் ஒரு முனையை மாப்பிள்ளையும் மறுமுனையை அவன் உடன்பிறந்தவளும் பிடித்து நிற்பார்கள். அப்பா போனபோது அவன் கைக்குழந்தை. இடுப்பில் தூக்கி வளர்த்தவள் நான், ஒரே அக்கா. அந்தச் சீருக்காக அத்தனை வருஷம் காத்திருந்தேன்.

பந்தலில் எல்லாம் தயாராக இருக்கும்போது பெரியப்பா எழுந்தார்.

"வெள்ளச்சீல கட்டி வெறுங்கழுத்தோட நின்னத ஊரே பாத்திருச்சு. அவ கையில கூறைச்சீலயக் குடுத்தா ஆகாதுங்க. சித்தப்பன் மவ செய்யட்டும்."

"நான் இங்க குத்துக்கல்லாட்டம் நிக்கறனேங்க?" என்றார் என் வீட்டுக்காரர். ஒருவரும் சிரிக்கவில்லை. தம்பி தரையைப் பார்த்தான். எனக்கு ஆத்திரமும் அழுகையுமாக வந்தது. அந்த நேரத்திலும், பெரியப்பா பேசும்போது துண்டின் முனையை எப்படித் திருகுகிறார் என்று என் கண் பார்த்துக்கொண்டிருந்தது. பாழாய்ப்போன கண்.

அப்போதுதான் அம்மா பந்தலுக்குள் வந்தாள். சீர் நடக்கும் இடத்துக்கு அவள் வந்து நான் கண்டதில்லை. மேளக்காரர்கூட வாசிப்பதை நிறுத்திவிட்டார்.

"அது என்ற வேசமுங்க மாமா," என்றாள் பெரியப்பாவிடம். குரல் உயரவில்லை. "என்னையப் பாத்துத்தான் அவ அப்படி நின்னா. ஆகாதுன்னா அது நானு. இருவது வருசத்துக்கு மேல நான் இதக் கட்டிக்கிட்டு நிக்கறது உங்க யாரு கண்ணுலயும் படல. அவ ஒரு நா கட்டுனதுதான் பட்டுதுங்களா?"

பெரியப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "செரி, அவளே செய்யட்டும்" என்றார். நான் சேலை முனையைப் பிடித்தேன். தம்பி தன் முனையை இறுக்கிப் பிடித்தது என் விரல்வரை தெரிந்தது. சந்தோஷத்தில் எனக்கு எதிரில் இருந்த முகங்களே தெரியவில்லை.

சீர் முடிந்ததும் அம்மாவைத் தேடிப்போனேன். சாமான்கள் வைத்திருந்த அறையில் உட்கார்ந்து பந்திக்கு வாழையிலை துடைத்துக்கொண்டிருந்தாள். காலில் விழுந்தேன். அவள் என் தலையைத் தொட்டுவிட்டு, கோபமே இல்லாமல், தெரிந்துகொள்ளும் ஆவலோடு கேட்டாள்.

"டிவியில நானும் பாத்தேன் சாமி. முந்தானையப் புடிக்கறது, தலைய நீட்டறது, அப்படியே நானேதான். அத்தன கண்ணாலத்துலயும் என்னையப் பாத்துக்கிட்டேவா இருந்தே?"

"ஆமாம்மா" என்றேன்.

அவள் அடுத்த இலையை எடுத்தாள். அத்தனை கல்யாணங்களிலும் நான் முன்வரிசையில் இருந்தேன். ஒரு தடவைகூட அவளை "இங்கே வாம்மா" என்று கூப்பிட்டதில்லை.